ஐம்பதாயிரம் கோப்புகளை அழிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி, ஆடி மாதங்களில் அடிக்கும் காற்றைப் பற்றி நாஞ்சில் நாட்டுக்காரர்களிடம் விளக்கத் தேவையில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலை இடுக்கு வழியே நெருக்கியடித்துக்கொண்டு வந்து முப்பந்தல் பக்கம் இறங்கும்போது, இருசக்கர வாகனத்தில் போகிறவர்கள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். அந்தக் காற்றை நம்பித்தான் நாகர்கோவில் – திருநெல்வேலி நெடுஞ்சாலையின் இரு புறமும் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்கின்றன. முப்பந்தல் காற்றாலைத் தொகுதியின் திறன் சுமார் 1,500 மெகாவாட் என்று சொல்லப்படுகிறது. மின்சாரத்தோடு அங்கே இன்னொன்றும் ராப்பகலாக விளைந்துகொண்டிருக்கிறது. அதன் பெயர் தரவு.

நவீனக் காற்றாலை ஒன்றின் உச்சியில் இருக்கும் கருவிகள் காற்றின் வேகம், திசை, இறக்கையின் சாய்வு, கியர் எண்ணெயின் சூடு, உற்பத்தியாகும் மின்சாரம் என்று பலவற்றையும் அளந்தபடியே இருக்கும். அவற்றைப் பத்து நிமிடத்துக்கு ஒரு சராசரியாகச் சுருக்கிப் பதிவதுதான் உலகெங்கும் காற்றாலைத் துறையின் வழக்கம். ஒரு மணிக்கு 6 பதிவு, ஒரு நாளைக்கு 144, ஒரு வருடத்துக்கு 52,560. ஒவ்வொரு பதிவும் ஒரு சின்னக் கோப்பாக வெளியூரில் இருக்கும் சர்வருக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் மாதத்துக்கு ஒன்றாக 12, அவற்றுக்குள் நாளுக்கு ஒன்றாக 365. ஆக 378 ஃபோல்டர்கள், 52,560 கோப்புகள். இது ஒரே ஒரு காற்றாலையின் ஒரு வருடக் கணக்கு.

சில வருடம் கழித்து அந்தத் தரவு யாருக்கும் வேண்டாம். அல்லது, பழைய சின்னக் காற்றாலையைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பெரியது நிறுத்துகிறார்கள். இதற்கென்றே தமிழ்நாடு அரசு 2024-ல் ஒரு கொள்கை வெளியிட்டிருக்கிறது. போன இயந்திரத்தின் ஃபோல்டரைச் சர்வரிலிருந்து நீக்க வேண்டும். நம் மேசைக் கணினியில் என்றால் வலது பக்கம் சொடுக்கி ‘டெலீட்’ கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். தொலைவில் இருக்கும் சர்வரில் அதே வேலை மூன்று மணி நேரம் இழுக்கக்கூடும். ஒரு நிரலாளரின் பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்து, “என்ன மக்கா, இன்னும் அழிச்சுத் தீரலியா?” என்று கேட்பதற்கு அது போதுமான நேரம்.

மூன்று மணி நேரம் எதற்கு?

கோப்புகளைத் தொலைவிலிருந்து கையாளும் வழிமுறைகளில் மூத்தது எஃப்டிபி. அதன் முதல் வடிவத்தை 1971 ஏப்ரலில் எழுதியவர் அபய் பூஷண். கான்பூர் ஐஐடியின் முதல் மாணவர் அணியில் படித்து, பிறகு அமெரிக்காவின் எம்ஐடிக்குப் போனவர். ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினியின் கோப்பை எடுக்க, வைக்க, பெயர் மாற்ற, அழிக்க என்று அவர் வகுத்த முறை பல திருத்தங்களுக்குப் பிறகு 1985-ல் ஆர்எஃப்சி 959 என்ற ஆவணமாக நிலைபெற்றது. இன்றும் ஏராளமான சர்வர்கள் அந்த ஆவணத்தின் சொற்படிதான் நடக்கின்றன.

அதில் கோப்பை அழிக்க ‘டெலெ’ என்றொரு கட்டளை உண்டு. ஃபோல்டரை நீக்க ‘ஆர்எம்டி’ என்று இன்னொன்று. சிக்கல் இரண்டாவதில்தான். ஃபோல்டருக்குள் ஒரே ஒரு கோப்பு மிச்சமிருந்தாலும் பெரும்பாலான சர்வர்கள் ‘550’ என்ற எண்ணைப் பதிலாக வீசிவிட்டு நின்றுவிடும். முடியாது என்று அர்த்தம். முடிந்தால் ‘250’ வரும். எனவே ஒரு ஃபோல்டரை நீக்க வேண்டும் என்றால் முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் கேட்க வேண்டும். பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியே அழிப்புக் கட்டளை போக வேண்டும். உள்ளே இன்னொரு ஃபோல்டர் இருந்தால் அதற்குள் இறங்கி அதே வேலையைத் தொடங்க வேண்டும். எல்லாம் காலியான பிறகு, அடியிலிருந்து மேலே ஏறியபடி ஃபோல்டர்களை ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். ‘2019’ என்ற ஃபோல்டரை ஒரே அடியில் தூக்கச் சொல்லும் கட்டளை எஃப்டிபியில் கிடையாது.

ஒவ்வொரு கட்டளையும் போக வேண்டும், பதில் திரும்பி வர வேண்டும். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் பாயும். நாகர்கோவிலுக்கும் மும்பைக்கும் நேர்க்கோட்டில் சுமார் 1,300 கிலோமீட்டர். போய்வர 13 மில்லி நொடியாவது வேண்டும். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் சர்வர் இருந்தால் தூரம் 14,000 கிலோமீட்டரைத் தொடும். கணக்குப்படியே 140 மில்லி நொடி. கடலடிக் கேபிள்கள் வளைந்து போவதாலும் வழியில் கைமாறுவதாலும் நடைமுறையில் 200-க்கு மேல் ஆகும். ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும்தான். ஆனால் அதை 52,560 தடவை அடுக்கினால் 10,512 நொடி. 378 ஃபோல்டர்களுக்குப் பட்டியல் கேட்பது, பிறகு அவற்றை நீக்குவது என்று மேலும் சில நிமிடங்கள். ஏறக்குறைய மூன்று மணி நேரம் வந்துவிட்டது.

அந்தக் கோப்புகள் மொத்தமும் சேர்ந்தால் 200 எம்பி கூடத் தேறாமல் போகலாம். அதே சர்வரில் இருக்கும் 2 ஜிபி சினிமாப் படம் ஒற்றைக் கோப்பு என்பதால் ஒரு கட்டளையில், ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்தில் போய்விடும். அழிப்பதற்கான நேரத்தைத் தீர்மானிப்பது அளவல்ல, எண்ணிக்கை.

இணைய வேகத்தைக் கூட்டினால் சரியாகிவிடாதா என்று கேட்கத் தோன்றும். கிராம ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுபோகும் பாரத்நெட் திட்டத்தின் இரண்டாம் கட்டம் தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிவைக்கப்பட்டது கன்னியாகுமரி மாவட்டத்தில்தான், தக்கலையை அடுத்த முத்தலக்குறிச்சியில். மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் நொடிக்கு 1 ஜிகாபிட் வேகத்தில் இணைப்புத் தருவது திட்டத்தின் இலக்கு. ஒரு பெரிய வீடியோவை இறக்க அந்த வேகம் வெகுவாக உதவும். அழிப்புக் கட்டளைக்கு உதவாது. கட்டளையின் நீளமே சில பத்து எழுத்துதான். அது போக எடுக்கும் நேரம் தூரத்தைப் பொறுத்தது. இணைப்பை எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் வர்ஜீனியா முத்தலக்குறிச்சிக்குப் பக்கத்தில் வந்துவிடாது.

ஆக, அந்த மூன்று மணி நேரத்தில் நிரல் உண்மையில் வேலை செய்வது சொற்ப நேரம். மிச்சமெல்லாம் பதிலுக்காகக் கைகட்டி நிற்பது.

நிற்காமல் நடப்பது

நாஞ்சில் நாட்டுக் கல்யாணப் பந்தியில் இலை எடுக்கிறவர்களைப் பார்த்தால் இதற்கான தீர்வு புரியும். முதல் இலைக்காரர் பிரதமனை வழித்து முடிக்கும்வரை அவர் எதிரிலேயே யாரும் நிற்பதில்லை. யார் எழுந்தாரோ அந்த இலையை எடுக்கிறார்கள். நாலைந்து பேர் நாலைந்து வரிசையில் ஒரே சமயம் இறங்குகிறார்கள். அதேசமயம் இரண்டு ஒழுங்கை யாரும் மீறுவதில்லை. இலை இருக்கும்போது மேசையை மடக்க மாட்டார்கள். இருபது பேரை ஒரே நேரத்தில் உள்ளே விட்டு, ஒருவர் காலில் ஒருவர் இடறும்படி செய்யவும் மாட்டார்கள்.

நிரலில் இதற்குப் பெயர் ‘அசிங்க்ரனஸ்’, சுருக்கமாக ‘அசிங்க்’. கட்டளையை அனுப்பிவிட்டுப் பதில் வரும்வரை அந்த இடத்தை ஒரு குறிப்போடு விட்டுவிட்டு, நிரல் அடுத்த வேலைக்குப் போய்விடும். பதில் வந்ததும் விட்ட இடத்துக்குத் திரும்பும். இப்படி எழுதுவது நெடுநாளாக வல்லுநர்களுக்கு மட்டுமே கைவந்த வித்தையாக இருந்தது. 2012-ல் சி ஷார்ப் மொழியின் ஐந்தாம் பதிப்பு ‘அசிங்க்’, ‘அவெய்ட்’ என்ற இரண்டு சொற்களை நேரடியாக மொழிக்குள் கொண்டுவந்தது. பைத்தான் 2015-லும் ஜாவாஸ்கிரிப்ட் 2017-லும் அதே பாதையில் வந்தன. இன்று நாகர்கோவிலில் இருக்கும் சிறு மென்பொருள் நிறுவனங்களிலும் சரி, காலை ரயிலில் நாகர்கோவில், இரணியல், குழித்துறையிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் போய், 1990-ல் தொடங்கிய கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் வேலை செய்கிறவர்களிடமும் சரி, இந்த இரண்டு சொல்லும் அன்றாடப் புழக்கம்.

அன்றாடம் புழங்குவதால் வரும் பிழையும் ஒன்று உண்டு. ‘அசிங்க் போட்டாச்சு, இனிமேல் வேகம்’ என்று நினைப்பது. ஐம்பதாயிரம் கோப்புகளை ஒரு சுழற்சியில் வைத்து, ஒவ்வொரு அழிப்புக்கும் முன்னால் ‘அவெய்ட்’ எழுதினால் என்ன ஆகும்? முதல் கோப்பின் பதில் வந்த பிறகுதான் இரண்டாவது கட்டளை போகும். திரை உறையாது, பொத்தான்கள் வேலை செய்யும், பயனர் வேறு பக்கம் பார்க்கலாம். அது நல்ல விஷயம்தான். ஆனால் மூன்று மணி நேரம் மூன்று மணி நேரமாகவே இருக்கும். வேகம் வேண்டும் என்றால் பல அழிப்புகளை ஒன்றாகத் தொடங்கிவிட்டு, எல்லாம் முடிவதற்காக ஒரே இடத்தில் காத்திருக்க வேண்டும். சி ஷார்ப்பில் ‘டாஸ்க் வென்ஆல்’, பைத்தானில் ‘கேதர்’, ஜாவாஸ்கிரிப்ட்டில் ‘ப்ராமிஸ் ஆல்’ இருப்பது அதற்காக. ஒரே சமயத்தில் பத்து அழிப்புகள் நடந்தால் மூன்று மணி நேரம் 18 நிமிடமாகச் சுருங்கும்.

அப்படியானால் ஐம்பதாயிரத்தையும் ஒன்றாகத் தொடங்கினால்? சர்வர் கதவைச் சாத்திவிடும். எஃப்டிபியில் ஓர் இணைப்பு ஒரு நேரத்தில் ஒரு கட்டளையைத்தான் கேட்கும். பத்து வேலை ஒரே சமயம் நடக்க வேண்டும் என்றால் பத்து இணைப்பு வேண்டும். ஒரு முகவரியிலிருந்து இத்தனை இணைப்புக்கு மேல் கூடாது என்று சர்வர் நிர்வாகிகள் வரம்பு வைத்திருப்பார்கள். மீறினால் ‘421’ என்ற பதிலோடு தொடர்பு அறுந்துவிடும். அதனால் அனுபவசாலிகள் ‘செமஃபோர்’ என்ற சின்ன ஏற்பாட்டை வைத்து, எட்டோ பத்தோ கட்டளைகளுக்கு மேல் ஒரே நேரத்தில் வெளியே போகாமல் பார்த்துக்கொள்வார்கள். எஃப்டிபிக்குப் பிறகு வந்த எஸ்எஃப்டிபியில் நிலைமை கொஞ்சம் மேல். ஒவ்வொரு கட்டளைக்கும் ஓர் எண் ஒட்டி அனுப்பப்படுவதால், ஒரே இணைப்பிலேயே பல கட்டளைகளை அடுத்தடுத்துத் தள்ளிவிடலாம். பதில் எந்த வரிசையில் வந்தாலும் எண்ணை வைத்து எது எதற்கானது என்று அடையாளம் காணலாம்.

வரிசை ஒழுங்கு மட்டும் எல்லாவற்றுக்கும் பொது. ஒரு நாளின் 144 கோப்புகளை முன்பின்னாக அழிக்கலாம். ஜனவரி 5-ம் தேதி ஃபோல்டரும் மார்ச் 9-ம் தேதி ஃபோல்டரும் ஒரே சமயம் காலியாகலாம். ஆனால் அந்த 144-க்கும் பதில் வந்த பிறகுதான் நாளின் ஃபோல்டர், நாட்கள் எல்லாம் போன பிறகுதான் மாதம், கடைசியில்தான் வருடம்.

காலி, ஆனால் காலியில்லை

இவ்வளவும் சரியாக எழுதிய பிறகும் சில ஃபோல்டர்கள் அசையாது. பட்டியல் கேட்டால் உள்ளே ஒன்றுமில்லை என்று வரும். நீக்கச் சொன்னால் ‘550’. இணையதளம் நடத்துகிறவர்களுக்கு இது பழகிய தலைவலி. யூனிக்ஸ் வழிச் சர்வர்களில் புள்ளியில் தொடங்கும் பெயருள்ள கோப்புகள் சாதாரணப் பட்டியலில் தலைகாட்டாது. ‘.எச்டிஅக்சஸ்’ போன்ற அமைப்புக் கோப்பு ஒன்று மறைந்து உட்கார்ந்திருக்கும். அதையும் சேர்த்துக் காட்டு என்று கேட்டால்தான் அகப்படும்.

தமிழில் பெயர் வைக்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். ‘நாகர்கோவில்’ என்று ஒரு ஃபோல்டருக்குப் பெயர் வைத்தால், கணினிக்குள் அது 11 குறியீடுகள். யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். மொத்தம் 33 பைட். இதில் ‘கோ’ என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ‘க’வோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்ப்பது ஒரு விதம். இரட்டைச் சுழிக் கொம்பு தனி, கால் தனி என்று பிரித்து வைப்பது இன்னொரு விதம். ஆப்பிள் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களைப் பிரித்துத்தான் வைக்கும். அப்படிப் பிரித்த பெயரை யூடிஎஃப்-8-ல் எழுதினால் ‘நாகர்கோவில்’ 36 பைட். திரையில் இரண்டும் மயிரிழைகூட வேறுபடாது. சர்வருக்கோ அவை இரண்டு வேறு பெயர்கள். ஒரு விதத்தில் ஏற்றிய ஃபோல்டரை இன்னொரு விதத்தில் தட்டச்சு செய்து அழிக்கச் சொன்னால், ‘அப்படி ஒன்று இங்கே இல்லை’ என்றுதான் பதில் வரும். பெயரை நாமாக எழுதாமல், சர்வர் தந்த பட்டியலிலிருந்து பைட் மாறாமல் எடுத்து அப்படியே திருப்பி அனுப்புவதே பிழையில்லாத வழி.

‘550’ எரிச்சலூட்டினாலும் அது காப்பாற்றும் சமயமும் உண்டு. பட்டியல் எடுத்த பிறகு, அழிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அந்த ஃபோல்டருக்குள் புதிய பதிவு ஒன்று வந்து விழுந்தால்? அது நம் பட்டியலில் இல்லை. காலியாகாத ஃபோல்டரை நீக்க மாட்டேன் என்று சர்வர் அடம்பிடிப்பதால்தான் அது பிழைக்கிறது.

பதில் வழியில் தொலைந்துபோவதும் உண்டு. கோப்பு அழிந்துவிட்டது, ‘250’ கிளம்பிவிட்டது, அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. நிரலுக்கு விஷயம் தெரியாது. மறுபடி இணைந்து அதே கோப்பை அழிக்கச் சொல்லும். இல்லாத கோப்பு என்பதால் ‘550’. இதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு நிற்கிற நிரல் அரைகுறை வேலை. அழிக்கச் சொன்ன பொருள் இல்லையென்றால் நோக்கம் நிறைவேறிவிட்டது என்று பட்டியல் பார்த்து உறுதிசெய்துவிட்டு மேலே போவதே சரி. பைத்தானின் ‘கேதர்’ தன்னியல்பில், ஒரு வேலை பிழையில் முடிந்ததும் அந்தப் பிழையை உடனே சொல்லிவிடும். மற்ற வேலைகள் பின்னால் ஓடிக்கொண்டேயிருக்கும். திரையில் ‘தோல்வி’ என்று பார்த்தவர் எதுவும் அழியவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார். அங்கே பாதி ஃபோல்டர் போயிருக்கும். எனவே ஒவ்வொரு கோப்பின் முடிவையும் தனித்தனியே சேகரித்து, எது போனது எது நின்றது என்று கடைசியில் எழுதிவைப்பது கட்டாயம்.

போய்வருவதையே குறைத்தால்

ஐம்பதாயிரம் தடவை போய்வருவதை எப்படி வேகமாகச் செய்வது என்று யோசிப்பதைவிட, ஏன் போய்வர வேண்டும் என்று கேட்பது புத்திசாலித்தனம். சர்வருக்குள்ளேயே நுழைந்து கட்டளை கொடுக்க அனுமதி இருந்தால் ஒரு வரி போதும். சர்வர் தன் வட்டிலேயே வேலையை முடித்துக்கொள்ளும். வெப்டாவ் என்ற முறையில் ஒரு ஃபோல்டரை அழிக்கச் சொன்னாலே உள்ளிருக்கும் அனைத்தையும் சேர்த்து என்றுதான் அர்த்தம்; ஏதாவது மீந்தால் எது ஏன் மீந்தது என்று ஒரே பதிலில் விவரம் வரும். அமேசானின் எஸ்3 கிடங்கில் பொதுவாக ஃபோல்டர் என்பதே கிடையாது. ‘2019/03/09’ என்பது கோப்புப் பெயரின் முன்பகுதி. ஃபோல்டர் போலத் தெரிவது திரையின் உபயம். அங்கே ஒரு கோரிக்கையில் 1,000 பெயர்கள்வரை சேர்த்து அழிக்கச் சொல்லலாம். நம் 52,560 கோப்புகளுக்கு 53 கோரிக்கை போதும்.

இன்னொரு தந்திரம் பழையது. அழிக்க வேண்டிய ஃபோல்டரின் பெயரை மட்டும் மாற்றி, குப்பைக்கென ஒதுக்கிய இடத்துக்கு நகர்த்திவிடுவது. பெயர் மாற்றுவது ஒற்றைக் கட்டளை. பயனரின் கண்ணுக்கு ஃபோல்டர் மறைந்துவிடும். உண்மையான அழிப்பு பின்னணியில், ஆளரவம் இல்லாத நேரத்தில் நடக்கும். இடையில் மனம் மாறினால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கூகுள் டிரைவில் நாம் நீக்கும் கோப்பு 30 நாள் குப்பைத்தொட்டியில் கிடந்து பிறகுதான் அழிகிறது. 2020 அக்டோபருக்கு முன்பு நாமே காலி செய்யும்வரை அது அங்கேயே கிடந்தது.

இணையச் சேவைகள் தரும் பதில்களிலேயே இந்த வேறுபாடு பதிவாகியிருக்கிறது. ‘204’ என்றால் வேலை முடிந்தது. ‘202’ என்றால் உங்கள் கோரிக்கையை ஏற்றுக்கொண்டோம், இன்னும் முடியவில்லை. இரண்டாவதைக் கண்டதும் ‘அழிந்தாச்சு’ என்று திரையில் காட்டிவிடும் நிரல்கள் உண்டு. காற்றாலை எண்ணெய்ச் சூட்டுக்கு அதனால் பெரிய மோசமில்லை. ஒரு மருத்துவமனையின் நோயாளிப் பட்டியலாகவோ, கடன் விண்ணப்பத்தோடு கொடுத்த ஆவணங்களாகவோ இருந்தால் விஷயம் வேறு. 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்த நோக்கத்துக்காகத் தரவு வாங்கப்பட்டதோ அது நிறைவேறியதும், வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லாதவரை, அழித்துவிட வேண்டும் என்கிறது. ‘கோரிக்கை அனுப்பினோம்’ என்பது அதற்குப் பதிலாகாது.

77 டெராபைட்

அதிவேக அழிப்புக்கு நடுவே கவனம் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகம் சாட்சி. அங்கிருந்த மீத்திறன் கணினியின் காப்புப் பணியில், பத்து நாளுக்கு மேல் பழையதான பதிவுக் கோப்புகளைத் தேடி அழிக்க ஒரு சிறு நிரல் இருந்தது. 2021 டிசம்பரில், கணினியை வழங்கிய எச்பிஇ நிறுவனம் அந்த நிரலை மேம்படுத்திப் புதிய வடிவத்தை அதே கோப்பின் மேல் எழுதியது. பழைய வடிவம் அந்நேரம் ஓடிக்கொண்டிருந்தது. இந்த வகை நிரல்களைக் கணினி ஓட்டத்தின்போதே வரிவரியாகப் படிப்பதால், பாதியில் புதிய வடிவத்தின் நடுப்பகுதிக்குள் போய் விழுந்தது. எந்த ஃபோல்டரில் அழிக்க வேண்டும் என்று சொல்லும் மாறியின் பெயர் இருந்தது, மதிப்பு இல்லை. பதிவு ஃபோல்டருக்குப் பதிலாக ஆய்வாளர்களின் கோப்புகள் இருந்த இடத்தில் அழிப்பு தொடங்கியது. டிசம்பர் 14 முதல் 16 வரை சுமார் 3 கோடியே 40 லட்சம் கோப்புகள், 77 டெராபைட், போயின. 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அவற்றில் 4 குழுக்களின் தரவைக் காப்பிலிருந்தும் மீட்க முடியவில்லை.

நிரல் தன் வேலையை ஒழுங்காகவே செய்தது. முகவரி மட்டும் காலியாக இருந்தது. அதனால்தான் தொலைவில் அழிக்கும் நிரல்களில் முதல் சில வரிகள் எப்போதும் சந்தேகப் பிராணிகளாக எழுதப்படுகின்றன. பாதை காலியா? அது சர்வரின் வேர் ஃபோல்டரா? எதிர்பார்த்த பெயரில் தொடங்குகிறதா? ஒன்றுக்குத் தவறான பதில் வந்தாலும் அங்கேயே நிறுத்து. ஃபோல்டருக்குள் வேறெங்கோ சுட்டும் குறுக்குவழி இருந்தால் குறுக்குவழியை மட்டும் நீக்கு, அது காட்டும் இடத்துக்குப் போகாதே. முதல் ஓட்டத்தில் எதையும் அழிக்காமல், எதை அழிக்கப்போகிறாய் என்று பட்டியலை மட்டும் காட்டு. இதை ‘டிரை ரன்’ என்பார்கள். 52,560 இருக்க வேண்டிய இடத்தில் 3 கோடி என்று எண்ணிக்கை வந்தால், படிக்கிறவர் தூக்கக் கலக்கத்தில் இருந்தாலும் விழித்துக்கொள்வார்.

செவ்வாயில் ஒரு ஃபோல்டர்

அழிப்பு தள்ளிப்போனதால் வந்த வினையும் ஒன்று வரலாற்றில் இருக்கிறது. இஸ்ரோ தலைவராக இருந்த கை. சிவன், 2025 ஜனவரியில் அந்தப் பொறுப்புக்கு வந்த வி. நாராயணன் இருவரும் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் என்பதால், விண்வெளிக் கதைக்கு இந்தப் பக்கத்தில் காது கொடுக்க ஆள் அதிகம். இது நாசாவின் கதை.

2004 ஜனவரி தொடக்கத்தில் ‘ஸ்பிரிட்’ ஊர்தி செவ்வாயில் இறங்கியது. அதில் 256 எம்பி ஃபிளாஷ் நினைவகம். பூமியிலிருந்து பயணப்பட்ட மாதங்களில் சேர்ந்த கோப்புகளும் ஃபோல்டர்களும் அதில் அப்படியே கிடந்தன. அவை இனித் தேவையில்லை என்று பொறியாளர்களுக்குத் தெரியும். பழையதை அழிக்கும் சிறு நிரலை இரண்டு பகுதியாக அனுப்பினார்கள். ஒன்று போய்ச் சேர்ந்தது, மற்றது சேரவில்லை. அதை மறுபடி அனுப்ப நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முன்பே, ஜனவரி 21 அன்று, ஊர்தி பேச்சை நிறுத்தியது.

கோப்பு எண்ணிக்கை ஏற ஏற, அவற்றின் பட்டியலை வைத்திருக்க வேண்டிய செயல் நினைவகம் நிரம்பிவிட்டது. இடம் போதாமல் கணினி தன்னை அணைத்து மறுபடி தொடங்கியது. தொடங்கியதும் முதல் வேலையாக அதே ஃபிளாஷைத் திறந்து அதே பட்டியலைப் படித்தது. மறுபடி இடமில்லை, மறுபடி அணைப்பு. இப்படி 60 தடவைக்கு மேல். இரவில் உறங்கி மின்கலத்தைச் சேமிக்க வேண்டிய இயந்திரம் உறங்கவும் முடியாமல் தவித்தது.

அப்போது பூமியிலிருந்து ஒரு கட்டளை செவ்வாயை எட்டச் சுமார் 10 நிமிடம், பதில் வர இன்னொரு 10 நிமிடம். ஒவ்வொரு கோப்பாக அழித்து, பதில் பார்த்து, அடுத்ததை அனுப்பும் பேச்சுக்கே இடமில்லை. கலிஃபோர்னியாவில் இருந்த ஜெட் புரொபல்ஷன் ஆய்வக அணி, ஃபிளாஷைத் தொடாமலே தொடங்கச் சொல்லும் கட்டளையை முதலில் அனுப்பியது. ஊர்தி நிலைக்கு வந்ததும், தேங்கிக் கிடந்த ஆயிரக்கணக்கான கோப்புகளை நீக்கினார்கள். பிப்ரவரி 6 அன்று ஃபிளாஷ் நினைவகம் மொத்தத்தையும் துடைத்து, புதிதாக ஃபார்மட் செய்தார்கள். 90 செவ்வாய் நாட்கள் உழைத்தால் போதும் என்று திட்டமிட்டு அனுப்பிய ஸ்பிரிட், 2010 மார்ச் 22 வரை பூமிக்குத் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தது.